பதினேழாம் கட்டிலின் மணி

சிஸ்டர்: ...நாலு மணிக்குள்ள இந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டு சூப்பரிண்டெண்ட் மேசையில வைக்கணுமாம். நீங்களே படிங்க மேடம். கண்ணாடிதான் போட்டிருக்கீங்களே.

நாத்தனார்: சிஸ்டர், நாங்க கம்ப்யூட்டர் பாக்க வந்தவங்க. இந்தத் தாளெல்லாம் எங்களுக்கு...

சிஸ்டர்: படிங்கன்னு சொல்றேன்ல.

அண்ணி: இங்க குடுங்க, நான் படிக்கிறேன். "வியாழக்கிழமை மதியம் இரண்டு மணியளவில், பதினேழாம் கட்டில் நோயாளி அழைப்பு மணியை அழுத்தியும், பணியிலிருந்த நான் ஒலியை அமுக்கி வைத்திருந்தபடியால்..."

சிஸ்டர்: நிறுத்துங்க! அமுக்கி வைத்திருந்தபடியால்! யாரு அமுக்கினா? இருபத்திரெண்டு வருஷமா இந்த வார்டுல நிக்கிறேன். நின்னு நின்னு ரெண்டு கால்லயும் நரம்பு சுருட்டிக்கிச்சு. ஒரு நாள்... ஒரே ஒரு நாள் நான் மணியை அமுக்கினதைப் பாத்தேன்னு எவராவது என் முகத்துக்கு நேரா வந்து சொல்லட்டும்!

நாத்தனார்: நாங்க அப்படிச் சொல்லவே இல்லையே.

சிஸ்டர்: நீங்கதான் சொன்னீங்க. உங்க கம்பெனி அனுப்பின பதில் அந்தச் சுவத்துல குத்தியிருக்கு, பாருங்க. "மென்பொருள் முழுமையாகச் சோதிக்கப்பட்டது. பிழை ஏதும் இல்லை." பிழை அதுல இல்லைன்னா வேற எங்க இருக்குன்னு அர்த்தம்? என் தலையில!

நாத்தனார்: நானூத்திப் பன்னெண்டு டெஸ்ட் சிஸ்டர். அத்தனையும் பச்சை. நாங்க என்ன பண்ண முடியும்?

சிஸ்டர்: பச்சைன்னா?

நாத்தனார்: பச்சைன்னா பாஸ். சிவப்புன்னா ஃபெயில்.

சிஸ்டர்: ஓஹோ. அந்தப் பதினேழாம் கட்டில் பெரியவர் கையில இப்ப மாவுக்கட்டு இருக்கே, வெள்ளையா... அதுக்கு எத்தனை மார்க்?

அண்ணி: மிளகா, கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு இரு.

நாத்தனார்: வேலை செய்யிற இடத்துல மிளகான்னு கூப்பிடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன் அண்ணி...

சிஸ்டர்: அண்ணியா? ரெண்டு பேரும் சொந்தமா?

அண்ணி: என் வீட்டுக்காரரோட தங்கச்சி இவ. ஒரே வீடு, ஒரே ஆபீஸ். உங்க ஸ்க்ரீன்ல கட்டிலுக்கு ஒண்ணா வரிசையா நிக்குதே கார்டு, அதை எழுதினது இவ. அதைச் சோதிச்சுப் பாக்குற இடத்தைக் கட்டினது நான்.

சிஸ்டர்: நல்லாருக்கு. குடும்பத்தோட சேந்து என் தலையில கல்லைப் போட்டிருக்கீங்க.

நாத்தனார்: என்ன சிஸ்டர் இப்படிப் பேசுறீங்க? நாங்க ரெண்டு மணி நேரம் பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்திருக்கோம். ஒரு வாய் தண்ணி கூட...

சிஸ்டர்: தண்ணி அந்த ஃபிளாஸ்க்குல இருக்கு, ஊத்திக் குடிங்க. ரெண்டு மணி நேரம் நின்னதுக்கே இவ்ளோ கோவமா? அவரு அரை மணி நேரம் அந்த பட்டனை அழுத்திக்கிட்டே கிடந்தாரு. கட்டை விரல்ல பட்டன் பதிஞ்ச தடம் மறையவே மறுநாள் ஆச்சு. நாப்பது வருஷம் பஸ் ஓட்டினவரு. ஹாரன் அடிச்சே காலம் தள்ளின மனுஷன். அவருக்கா மணி அடிக்கத் தெரியாது?

அண்ணி: அப்புறம் என்ன ஆச்சு?

சிஸ்டர்: என்ன ஆகும்? பாத்ரூம் போகணும். எவ்ளோ நேரம்தான் அடக்குவாரு? தானே எழுந்திருச்சாரு. டிராலியைப் பிடிச்சிருக்காரு... அதுக்குத்தான் சக்கரம் இருக்கே. அது உருண்டு போச்சு. இவரு கீழ. நான் இதே நாற்காலியில, இதே ஸ்க்ரீனுக்கு முன்னாடி உக்காந்திருக்கேன். பதினேழு பளபளன்னு இருக்கு. பேரு இருக்கு, வயசு இருக்கு, சாப்பாடு குடுத்தாச்சுன்னு டிக்கு கூட விழுது. மணி மட்டும் இல்ல!

நாத்தனார்: ஒண்ணு கேட்டா தப்பா நினைக்காதீங்க. ஸ்பீக்கர் மேல பிளாஸ்திரி ஒட்டியிருக்கே... அது எதுக்கு?

சிஸ்டர்: வந்துட்டீங்களா பிளாஸ்திரிக்கு! சூப்பரிண்டெண்டும் இதைத்தான் புடிச்சுக்கிட்டாரு. "இதோ சாட்சி"ன்னு போட்டோ வேற எடுத்துக்கிட்டாரு. அந்த மூலை உடைஞ்சு போய் கையைக் கிழிக்குது. ரெண்டு பொண்ணுங்களுக்கு ரத்தம் வந்தப்புறம் ஒட்டினேன். பிளாஸ்திரி ஒட்டினா மணி நின்னு போயிடுமா? இருங்க. ஒன்பதாம் கட்டில் காலி, வீட்டுக்குப் போனவரு கார்டை இன்னும் எடுக்கல. நான் போய் அழுத்துறேன், நீங்க இங்க உக்காந்து காதைத் தீட்டி வச்சுக்கோங்க.

நாத்தனார்: நாங்க கூட வர்றோம்...

சிஸ்டர்: அந்த நாற்காலியிலதான் உக்காரணும். நான் உக்காந்த நாற்காலி. ஒரு கால் ஆடும், பாத்து உக்காருங்க!

அண்ணி: ...போயிட்டாங்க. என்னடி முறைப்பு?

நாத்தனார்: நான் எங்க முறைச்சேன்?

அண்ணி: கண்ணாடிக்குள்ளேருந்து ரெண்டு கொள்ளிக்கட்டை தெரியுது.

நாத்தனார்: அடிச்சிருச்சு... கேட்டீங்களா? யம்மா, காது கிழியுது! பிளாஸ்திரியோடவே இந்தக் கத்து கத்துது.

அண்ணி: கேட்டுச்சு. வராந்தா கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

சிஸ்டர்: என்ன சொல்றீங்க இப்போ?

நாத்தனார்: கேட்டுச்சு சிஸ்டர். சரி... பிளாஸ்திரி காரணமில்ல. ஆனா மணியும் நல்லாத்தானே வேலை செய்யுது? நான் அதைத்தானே முதல்லருந்து...

சிஸ்டர்: ஒன்பதுல வேலை செய்யுதும்மா! பதினேழுல ஏன் செய்யல?

அண்ணி: சிஸ்டர், ஒண்ணு கேக்குறேன். அந்தப் பெரியவர் முதல்லேருந்தே பதினேழுலதான் இருந்தாரா?

சிஸ்டர்: ...ஏன் கேக்குறீங்க?

அண்ணி: சும்மாதான்.

சிஸ்டர்: சும்மா கேக்குற மூஞ்சி இல்லையே இது.

அண்ணி: சொல்லுங்க. இங்க எழுதுறதுக்கு யாரும் இல்ல.

சிஸ்டர்: ...நாலுல இருந்தாரு. நாலாம் கட்டில் சுவத்தைப் பாத்து கிடக்கும். பத்து நாளா சுவத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு. "சிஸ்டர், நாப்பது வருஷமா எனக்கு முன்னாடி கண்ணாடி இருந்துச்சு, ரோடு ஓடிக்கிட்டே இருந்துச்சு. இப்படி செவுத்தைக் காட்டிப் படுக்க வச்சுட்டீங்களே"ன்னு கேட்டாரு. பதினேழு ஜன்னலோரம். காலியா இருந்துச்சு. மாத்திட்டேன்.

நாத்தனார்: டாக்டர்கிட்ட கேட்டீங்களா?

சிஸ்டர்: கேக்கல. கேக்கணும்னுதான் ரூல். நான் கேக்கல. அதையும் அந்தத் தாள்ல எழுதச் சொல்லுங்க, அதுக்குக் கையெழுத்துப் போடுறேன். செஞ்சதுக்குப் போடுறேன். செய்யாததுக்கு எதுக்குப் போடணும்?

அண்ணி: ஸ்க்ரீன்ல எப்படி மாத்தினீங்க?

சிஸ்டர்: நீங்க சொல்லிக் குடுத்த மாதிரிதான். நாலுலேருந்து அவரு கார்டை விரலால பிடிச்சேன், இழுத்தேன், இந்த ஜன்னல் வரிசையில கொண்டு போய் பதினேழுல விட்டேன். அழகா போய் ஒட்டிக்கிச்சு. அவரு மணி பட்டன் வயரையும் கழட்டிக் கொண்டு போய் பதினேழுல மாட்டினேன்.

அண்ணி: எத்தனை மணிக்கு?

சிஸ்டர்: வியாழக்கிழமை காலையில பதினோரு மணி. அதுக்கப்புறம் எங்க அடிச்சுச்சு?

அண்ணி: அப்படின்னா, அந்த ஒன்பதாம் கட்டிலையே இடம் மாத்திப் பாத்துடலாம்.

நாத்தனார்: அண்ணி...

அண்ணி: என்ன அண்ணி?

நாத்தனார்: அதெல்லாம் ஆபீஸ்ல போய்ப் பாத்துக்கலாமே. இங்க நோயாளிங்க இருக்காங்க, ஓடிக்கிட்டு இருக்குற கம்ப்யூட்டர்ல கை வைக்கிறது சரியில்ல...

சிஸ்டர்: ஏன் சரியில்ல? காலிக் கட்டில்தானே? மாத்துங்க. இதோ ஒன்பதைப் பிடிச்சு... இருபதுல விட்டாச்சு. அதே பட்டன் வயரைத்தான் கொண்டு போய் இருபதுல மாட்டுறேன். இப்ப போய் அழுத்துறேன். கேட்டா கையைத் தூக்குங்க, கண்ணாடிக் கதவு வழியா எனக்குத் தெரியும்.

நாத்தனார்: சிஸ்டர், ஒரு நிமிஷம்... போயிட்டாங்க. ஏன் அண்ணி? ஏன் வாயைக் குடுத்தீங்க?

அண்ணி: பின்ன? ஒன்பதுல மணி அடிச்சிருச்சு, வர்றோம் சிஸ்டர்னு கும்பிட்டுட்டு பஸ் ஏறியிருக்கலாமா?

நாத்தனார்: சாஃப்ட்வேரோட அடுத்த பதிப்புல சத்தமில்லாம திருத்திடலாம். நாலஞ்சு வரி வேலை.

அண்ணி: அவங்க நாலு மணிக்குக் கையெழுத்துப் போடணும். உன் அடுத்த பதிப்பு எத்தனை மணிக்கு?

நாத்தனார்: நக்கல் பண்ணாதீங்க.

அண்ணி: அழுத்திக்கிட்டே இருக்காங்க பாரு. கதவு வழியா நம்மளையே பாத்துக்கிட்டு.

நாத்தனார்: ஒண்ணும் கேக்கல.

அண்ணி: கேக்காது. தெரிஞ்சதுதானே.

நாத்தனார்: நான் ஒண்ணு சொல்றேன், கோவப்படாதீங்க. டெஸ்ட் ஓட்டுறதுக்குன்னு வச்சிருக்கோமே அந்த டம்மி, அது மேல பழியைப் போட்டுடலாம். டம்மி பிரவுசர் தப்பாச் சொல்லிருச்சு, அதனால எங்களுக்குத் தெரியல... அவ்ளோதான். டம்மி என்ன ஆளா? அதுக்கு வேலை போகுமா? புள்ளைகுட்டி இருக்கா?

அண்ணி: அந்த டம்மியை எழுதினது நான்.

நாத்தனார்: உங்க பேர் எங்கயும் வராது. நான் பாத்துக்கிறேன். ஒரே வீட்டுல ரெண்டு பேரும் வேலையைத் தொலைச்சுட்டு உக்காந்தா அண்ணன் மூஞ்சியில எப்படி முழிக்கிறது?

அண்ணி: உன் அண்ணன் மூஞ்சியைப் பத்தி இன்னொரு தடவை என்கிட்ட பேசாத. அன்னிக்கும் அதைச் சொல்லித்தான்... சரி, விடு. வர்றாங்க.

சிஸ்டர்: கை தூக்கலையே நீங்க?

அண்ணி: இல்ல.

சிஸ்டர்: பதினாலு தடவை அழுத்தினேன். எண்ணிக்கிட்டே அழுத்தினேன். பக்கத்துக் கட்டில்காரரு, "என்ன சிஸ்டர், உங்களுக்கும் ஒடம்பு சரியில்லையா"ன்னு கேக்குறாரு. நான் சிரிக்கிறதா அழுவுறதா?

அண்ணி: உக்காருங்க சிஸ்டர்.

சிஸ்டர்: உக்காருறது இருக்கட்டும். ஏன் அடிக்கல? மனுஷ பாஷையில சொல்லுங்க.

அண்ணி: நான் சொல்லட்டுமா, நீ சொல்றியா?

நாத்தனார்: ...நானே சொல்றேன். சிஸ்டர், இந்தக் கார்டு இருக்குல்ல, இது ஸ்க்ரீன்ல வந்து ஒட்டின உடனே பிரவுசர் அதைக் கூப்பிட்டு ஒரு குரல் குடுக்கும். "நீ வந்துட்ட"ன்னு. அந்தக் குரல் கேட்டதும் கார்டு போய் மணியோட வயரைக் கையில பிடிச்சுக்கும்.

சிஸ்டர்: சரி.

நாத்தனார்: கார்டை எடுத்துட்டா இன்னொரு குரல். "நீ கிளம்பிட்ட." உடனே வயரை விட்டுடும். இல்லைன்னா வீட்டுக்குப் போன நோயாளிக்கெல்லாம் மணி அடிச்சுக்கிட்டு இருக்கும். எங்க பாஷையில இதுக்குக் கால்பேக்னு பேரு.

சிஸ்டர்: நான் எடுக்கலையே. நகர்த்தித்தானே வச்சேன்?

நாத்தனார்: பிரவுசருக்கு நகர்த்துறதுன்னு ஒண்ணு கிடையாது. அதைப் பொறுத்த வரைக்கும் இங்கேருந்து கிளம்புது, அங்க போய் வருது. கிளம்பிட்டன்னு ஒரு தடவை கூப்பிடும், அடுத்த நொடியே வந்துட்டன்னு இன்னொரு தடவை கூப்பிடும்.

சிஸ்டர்: அப்போ கிளம்புறப்ப வயரை விட்டுச்சு, வந்ததும் திரும்பப் பிடிச்சிருக்கணுமே?

நாத்தனார்: பிடிக்கல.

சிஸ்டர்: ஏன் பிடிக்கல? கை வலிச்சிருச்சா?

நாத்தனார்: நான் ஒரு பூட்டு போட்டிருந்தேன். ஒரு தடவை பிடிச்சுட்டா மறுபடி பிடிக்காதன்னு. ஞாபகம் இருக்கா... ஆரம்பத்துல ஒரு தடவை அழுத்தினா ரெண்டு தடவை மணி அடிக்குதுன்னு நீங்கதான் போன் பண்ணித் திட்டினீங்க.

சிஸ்டர்: ஆமா திட்டினேன். ரெண்டு தடவை அடிக்காதன்னுதான் சொன்னேன். ஒரு தடவை கூட அடிக்காதன்னா சொன்னேன்?

நாத்தனார்: வயரை விடுறப்ப அந்தப் பூட்டையும் திறந்து விடணும். நான் மறந்துட்டேன்.

சிஸ்டர்: ஆனா டிக்கு விழுந்துச்சே? பேரு, வயசு எல்லாம்...

அண்ணி: அதுக்கு வேற ஒரு குரல் இருக்கு சிஸ்டர். கார்டுல எழுதினது மாறினா கூப்பிடுறது. அது ஒழுங்கா வேலை செஞ்சுது. அதனாலதான் பாக்குறப்ப உயிரோட இருக்குற மாதிரியே தெரியும். காது மட்டும் செவிடு.

சிஸ்டர்: செவிட்டுக் கார்டு. அதுக்கு முன்னாடி என்னை உக்கார வச்சுட்டு, எனக்குக் காது கேக்கலைன்னு எழுதி வாங்குறாங்க. ஏம்மா, நானூத்திப் பன்னெண்டு டெஸ்ட்டுன்னு ஜம்பமா சொன்னியே. கட்டிலை மாத்திப் பாக்கணும்னு ஒரு டெஸ்ட்டு கூடவா உனக்குத் தோணல?

நாத்தனார்: இருக்கு. எழுதியிருக்கேன். அதுவும் பச்சைதான்.

சிஸ்டர்: என் கண்ணு முன்னாடி அடிக்க மாட்டேங்குது... அங்க மட்டும் எப்படிப் பச்சை?

நாத்தனார்: டெஸ்ட்டை நாங்க நிஜ பிரவுசர்ல ஓட்ட மாட்டோம் சிஸ்டர். அதுக்கு நேரமாகும். டம்மி பிரவுசர்னு ஒண்ணு அண்ணி எழுதி வச்சிருக்காங்க. அதுக்கு ஸ்க்ரீன் கிடையாது, ஒண்ணும் கிடையாது. பிரவுசர் மாதிரி நடிக்கும். எப்ப வந்துட்டன்னு கூப்பிடணும், எப்ப கிளம்பிட்டன்னு கூப்பிடணும்னு அதுக்குத் தெரியும். அந்த டம்மி... இடம் மாத்துறப்ப மட்டும் கிளம்பிட்டன்னு கூப்பிடல. கூப்பிடாததனால கார்டு வயரை விடவே இல்ல. அதனால பச்சை. அதாவது... டம்மி தப்பாச் சொல்லிருச்சு.

சிஸ்டர்: டம்மி தப்பாச் சொல்லிருச்சு.

நாத்தனார்: ஆமா.

சிஸ்டர்: இதை நான் கொண்டு போய் அவருகிட்ட சொல்லணும். "சார், நான் அமுக்கல சார். இல்லாத ஸ்க்ரீன்ல இல்லாத பிரவுசர் ஒண்ணு கூப்பிட மறந்துருச்சு சார்." பைத்தியம்னு என்னையும் ஒரு கட்டில்ல போட்டுடுவாரு. அதுவும் ஜன்னல் பக்கம் குடுக்க மாட்டாரு!

அண்ணி: நாங்க எழுதிக் குடுக்குறோம்.

சிஸ்டர்: என்னன்னு எழுதுவீங்க? எனக்கு உங்க கம்ப்யூட்டர் தெரியாது. ஆனா புதுசா வர்ற பொண்ணுங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்க எங்ககிட்டயும் ஒரு டம்மி உடம்பு இருக்கு. ரப்பர். ஊசி குத்தினா அதுக்கு வலிக்காது. ஏன் வலிக்காது? வலிக்காத மாதிரி ஒருத்தர் செஞ்சதால. உங்க டம்மிக்கு மத்த குரலெல்லாம் தெரியுது, இந்த ஒரு குரல் மட்டும் எப்படி மறந்து போகும்? அதுவா மறந்துச்சா?

நாத்தனார்: அது வந்து... நிஜ பிரவுசர் பெரிய கடல் மாதிரி. அத்தனையும் டம்மியில கொண்டு வர முடியாது...

சிஸ்டர்: உன்னைக் கேக்கல. அண்ணியைக் கேக்குறேன். கட்டினவங்க அவங்கதானே? ஏம்மா... ஏன் தலையைக் குனியிறீங்க?

அண்ணி: மணி என்ன ஆச்சு?

சிஸ்டர்: மூணே முக்கால். பேச்சை மாத்தாதீங்க. பாருங்க, நான் படிக்காதவ இல்ல, உங்க அளவுக்குப் படிச்சவளும் இல்ல. அந்தப் பெரியவரு நேத்து மாவுக்கட்டுக் கையை வச்சுக்கிட்டு என்கிட்ட சொல்றாரு, "விடு சிஸ்டர், நீ அசதியில கண்ணசந்திருப்ப, நானும் ஸ்டியரிங்குல ரெண்டு தடவை கண்ணசந்தவன்தான்"னு. மன்னிக்கிறாராம்! அவரு திட்டியிருந்தாக் கூட தாங்கியிருப்பேன். நான் செய்யாத ஒண்ணுக்கு என்னை மன்னிச்சுட்டாரே, அதுதான் தாங்க முடியல. அதனால ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்த மணியை யாரோ அமுக்கினாங்கன்னு இந்தத் தாள் சொல்லுது. நான் இல்ல. அப்போ யாரு?

அண்ணி: சிஸ்டர், அந்த டம்மியில நான்...

நாத்தனார்: இருங்க அண்ணி. நான் சொல்றேன். டம்மி மறக்கல சிஸ்டர். அது முதல்ல சரியாத்தான் கூப்பிட்டுச்சு. மூணு மாசத்துக்கு முன்னாடி, இங்க பெரிய டாக்டருக்குப் போட்டுக் காட்டுறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடி, இடம் மாத்துற டெஸ்ட் சிவப்பா நின்னுச்சு. தப்பு என் கார்டுலதான்னு அண்ணி அப்பவே சொன்னாங்க. நான் ஒத்துக்கல. உங்க டம்மிதான் தப்புன்னு வீட்டுல சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாடி அண்ணனை வச்சுக்கிட்டு கத்தினேன். ரெண்டு நாள் அவங்க கையால ஒரு வாய் தண்ணி வாங்கல, ஒரு வார்த்தை பேசல. வீட்டுல சண்டை வேணாம்னு, டம்மி சரின்னு தெரிஞ்சே, அதுலேருந்து கிளம்பிட்டன்னு கூப்பிடுற நாலு வரியை எடுத்துட்டாங்க. சிவப்பு பச்சையாயிடுச்சு, நானும் சாப்பாட்டுக்கு வந்து உக்காந்துட்டேன். அந்தத் தாளையும் பேனாவையும் இப்படிக் குடுங்க... "பணியிலிருந்த நான்"னு இருக்குற இடத்துல எங்க ரெண்டு பேர் பேரையும் எழுதணும். மணியை அமுக்கினது நாங்கதான்.